தூசி மிஷினின் வால்

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். என் மகள் வீட்டில் தட்டைப் போல ஒரு கருவி தானாகவே ஊர்ந்து தரையைச் சுத்தம் செய்கிறது. போன வாரம் அது என் செருப்பை மூன்று முறை முட்டிவிட்டுத் திரும்பிப் போனது. நான்காம் முறையும் வருமோ என்ற கவலையில் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டே காப்பி குடித்தேன். அதற்கு வயரே கிடையாது. ஒரு வயரைப் பார்ப்பதற்காக எங்கள் சந்தே வாசலில் கூடி நின்ற காலம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் உங்களுக்காவது புரியும்.

நாங்கள் இருந்தது ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவே. இரண்டு அறை, பின்னால் ஒரு சின்னக் கொல்லை. அப்பா துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டினார். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கை இரும்புக் கயிற்றில் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. காற்று கடலிலிருந்து அடித்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பாலை மூடாமல் வைத்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குப் போனால் காலரில் கறுப்புக் கோடோடு திரும்புவோம். அம்மா காலையில் பெருக்கும்போது காற்றைத் திட்டுவாள், மத்தியானம் பெருக்கும்போது துறைமுகத்தை, சாயங்காலம் பெருக்கும்போது அப்பாவை.

அந்த வருஷம் சந்து முனையில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. சாமான்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு சாய்வு நாற்காலி வாங்கத்தான் போனார். திரும்பும்போது தோளில் இருந்தது நாற்காலி அல்ல.

"இன்னாது இது, வெடிகுண்டா?" என்றாள் அம்மா.

"தூசி மிஷினு. தூசிய அதுவே உறிஞ்சிக்கும். நீ ராணி மாரி குந்திகினு இருக்கலாம்."

"ராணிக்கு குந்த நாற்காலி எங்க?"

அப்பா மிஷினைத் தரையில் இறக்கி வைத்தார்.

அது பச்சை நிறத்தில், குட்டி நீர்மூழ்கிக் கப்பல் போலப் படுத்திருந்தது. துணியால் நெய்த நீளமான குழாய். மூக்கை அருகில் கொண்டுபோனால் சூடான ரப்பர் வாசனையும் யாரோ எப்போதோ பூசிக்கொண்ட பவுடர் வாசனையும் சேர்ந்து வரும். பின்பக்கம் காலால் மிதிக்க இரண்டு கட்டைகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எப்படி ஓட்டுவது என்று காட்டக் கார்டின் மனைவியே எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுப்புக் கட்டையை மிதித்ததும் மிஷின் 'ஊ' என்று கத்தியது. அம்மா பயந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அதன்பிறகு கார்டின் மனைவி பிளக்கைப் பிடுங்கி வயரை வாசல்வரை இழுத்துக் கீழே போட்டார்.

"நவுந்துக்கோ மேன்! கால்ல அடிச்சா என்னைக் கேக்காதே!" என்று சொல்லி வெள்ளைக் கட்டையை மிதித்தார்.

வயர் ஒரு துள்ளுத் துள்ளியது. சாரைப்பாம்பு வளைக்குள் ஓடுவதுபோலச் சரசரவென்று வளைந்து நெளிந்து மிஷினுக்குள் போய், கடைசியில் பிளக் 'டக்' என்று மோதி நின்றது. முதலில் கை தட்டியது என் அத்தைதான்.

"இன்னொரு தபா, மேடம்!"

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள், ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மூடாதவள். வயருக்கு 'வால்' என்று பேர் வைத்ததும் அவள்தான். அடுத்த நாளே சந்தின் பிள்ளைகள் வாலைப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு மிதி என்று நான் வரிசை வைத்தேன். யார் எத்தனை முறை மிதித்தார்கள் என்று கணக்கும் வைத்தேன். சின்ன வயதிலிருந்தே எதையும் எண்ணாவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் பாய்கூட ஒரு மிதி மிதித்துவிட்டு, "மாமு, இத்த எங்கூட்டு பொம்பளைங்க கண்ல மட்டும் காட்டிடாத. ராவோட ராவா கேப்பாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தூசி உறிஞ்சியதும் நடந்தது. ஆனால் அது அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு நாள் வந்து, "தள்ளு, மிஷின்லாம் எனக்கு ஜுஜுபி" என்று சொல்லிக் குழாயை முன்பக்கம் மாட்டாமல் பின்பக்கம் மாட்டிவிட்டார். ஒரு வாரமாகச் சேர்ந்த நிலக்கரித் தூள் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. சுவரில் இருந்த மாதா படத்தின் கண்ணாடி கறுத்துவிட்டது. சித்தப்பாவின் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது. அம்மா ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு இன்னொரு கையால் துடைப்பத்தைத் தேடினாள். அத்தை சிரித்துச் சிரித்துக் கொல்லைக்கு ஓடி, துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அத்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு எல்லாமே இடது கைதான். பீச்சாங்கைக்காரி என்பார்கள். கத்தரிக்கோல், அகப்பை, துடைப்பம், எல்லாம் அந்தக் கையில்தான். சாப்பிடும்போது மட்டும் சோத்தாங்கை, அதுவும் சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. கொல்லையில் துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை மழை வந்தால் அவிழ்த்துச் சுற்றி ஆணியில் மாட்டுவாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் அதைப் பார்த்து, முழுவதையும் உதறி மறுபடி சுற்றுவார்.

"எத்தினி தபா சொல்றது? கயிறுன்னா வலமாத்தான் சுத்தணும். எடமா சுத்துனா முறுக்கிக்கும். இது கால வார்ற சுத்து!"

அவர் சொன்னதில் பிழையில்லை. துறைமுகத்தில் தப்பாகச் சுற்றிய கயிறு எழுந்து ஆளின் காலைப் பிடித்து இழுத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். படகுக்காரர்கள், விஞ்ச்காரர்கள், யார்டுக்காரர்கள், எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளைக்கும் கயிற்றைக் கையில் எடுத்தால் கை வலப்பக்கமாகத்தான் போகும். யோசிக்க வேண்டியதே இல்லை.

பீச்சாங்கையால் அத்தைக்கு இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. முதலில் வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டாள். தட்டைத் தொடாமலே எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களிடம் யாரோ முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக எண்ணூரிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவரை அத்தை மாதா கோயில் திருவிழாவில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். கூட்டத்தில் அறுந்துபோன அவள் செருப்பை வாங்கி ஒரு ஊக்கு மாட்டிக் கொடுத்தவர் அவர்தானாம். இதை அவள் என் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். எனக்குக் காது இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

"இந்த தபா தட்டு கவுந்துடக் கூடாது அண்ணி" என்றாள். அத்தை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்பா தன் பங்குக்குத் தரகரிடம், தூசி மிஷினும் சீரில் வருகிறது, அதன் வால் தானாக உள்ளே போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எண்ணூரில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, "மொதல்ல அந்த வால பாக்கணும்" என்று சொன்னதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் வருவதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் வயர் போயிற்று. மேல்ரப்பர் வெடித்து, பிளக்கைச் செருகியதும் பொறி பறந்தது. அப்பா மிஷினைத் திறந்தார். உள்ளே உருளை போல ஒரு டிரம், அதன் நடுவில் கடிகார வில்லைப் போலச் சுருண்ட ஒரு தகட்டு ஸ்பிரிங். பழைய வயர் பிஸ்கட் போல உதிர்ந்தது. துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்தார். புது வயரைக் கட்டி டிரம்மில் சுற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்க எண்ணினேன். இருபத்திரண்டு சுற்று. மூடி, வயரை இழுத்து, வெள்ளைக் கட்டையை மிதித்தார்.

வால் அசையவில்லை. உள்ளே மட்டும் 'டிங்' என்று ஒரு சத்தம்.

திறந்து பார்த்தால் ஸ்பிரிங்கின் முனை கொக்கியிலிருந்து கழன்று கிடந்தது. மாட்டினார். சுற்றினார். எண்ணினேன். மறுபடி 'டிங்'. சித்தப்பா வந்தார், "ஸ்பிரிங் தம்மு போச்சி அண்ணாத்த" என்று அதை எண்ணெயில் ஊறப்போட்டார். எதிர்வீட்டுப் படகுக்காரர் வந்தார், வயரை இன்னும் இறுக்கிச் சுற்றினார். ஸ்பிரிங் துள்ளி எழுந்து பரண்மேல் போய் விழுந்தது. ஆளுக்கு ஒரு வைத்தியம், எல்லோருக்கும் அதே 'டிங்'. ஒவ்வொரு முறையும் இருபத்திரண்டு சுற்று. கணக்கு சரியாக இருந்தும் வால் ஏன் போகவில்லை என்று எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய வேட்டியைக் கிழித்து அத்தையின் இடது உள்ளங்கையில் பெரிதாக ஒரு கட்டுப் போட்டாள். கட்டு இருந்தால் அந்தக் கை தானாக முன்னே வராது, வந்தாலும் காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். நம்பும்படி இருக்கட்டும் என்று சிவப்பு மருந்தைத் தாராளமாக ஊற்றினாள். பார்க்கவே பயங்கரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். மாப்பிள்ளையின் அம்மா எண்ணூர்க் கரையில் மீன் ஏலம் எடுப்பவர். பருத்த உடம்பு, பெரிய மூக்குத்தி, கூரை அதிரும் குரல். உட்கார்ந்ததும் அவர் கண்ணில் பட்டது அந்தக் கட்டுதான்.

"இன்னாம்மா கைல?"

"அடுப்புல சூடு பட்டுச்சி" என்றாள் அம்மா.

அதே நொடியில், "அருவாமனை கீச்சிச்சி" என்றாள் அத்தை.

அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டைப் போட்டவர்களுக்கு, காரணத்தைப் பேசி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் சாய்ந்து ரகசியம் சொன்னார். ஏலக் குரலில் ரகசியம் என்றால் எப்படி இருக்கும்? மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

"மறைக்கிறாங்கடா. வெரலு கொறச்சலா கீதோ இன்னாவோ."

எழுந்து, விரல் அஞ்சும் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் கட்டு ஏன் என்று கேட்பார்கள்.

"செரி, அந்த மிஷினயாவது பாப்போம்" என்றார் அவர்.

அப்பா எழுந்தார். காலையில்கூட ஒரு தடவை சுற்றி வைத்திருந்தார், கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றியிருந்தார். வயரை வாசல்வரை இழுத்தார், பெருமையோடு எங்களைப் பார்த்தார், மிதித்தார்.

'டிங்.'

"வால் தானா உள்ள போவும்னீங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இது எங்கூட்டு பூனை மாரி கீது. கூப்ட்டா திரும்பிக்கூட பாக்காது."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. அப்போது மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "குடுங்க மாமா, பாக்கலாம்." தினமும் செய்கிற வேலை போல மளமளவென்று திறந்தார், கழன்ற ஸ்பிரிங்கை மாட்டினார், வயரைச் சுற்றினார். அவரும் கடற்கரை வீட்டுப் பிள்ளைதானே, கை வலப்பக்கமாகத்தான் போயிற்று. இருபத்திரண்டு. 'டிங்.' "இங்க குடு மாப்ள" என்று சித்தப்பா வாங்கினார். 'டிங்.' மாப்பிள்ளை மறுபடி திறந்து ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பெண் பார்க்க வந்ததே எல்லோருக்கும் மறந்துவிட்டது. டிரம் நடுவில், அதிலிருந்து அவிழ்ந்த வயர் அறை முழுக்கக் கொடிபோலப் படர்ந்து கிடந்தது.

அடுக்களையிலிருந்து அம்மா காப்பித் தட்டோடு வந்தாள். தட்டு மறைத்ததால் அவளுக்குத் தரை தெரியவில்லை.

"அண்ணி! வயர் மாட்டும், நில்லு!"

அத்தை பாய்ந்து வந்து குந்தினாள். டிரம்மைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டாள். கட்டு இடைஞ்சலாக இருந்தது. பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்துத் தூர எறிந்தாள். வழியிலிருந்து வயரை எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைப்பு. இடது கையால் விறுவிறுவென்று சுற்றினாள். நான் பழக்கத்தில் மனசுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டு. டிரம்மை மாப்பிள்ளையிடம் இடது கையாலேயே நீட்டினாள்.

அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதும்பா. மூடி மூலைல வெச்சிடு" என்றார் அப்பா. தோற்றுப்போன குரல். மாப்பிள்ளை டிரம்மை உள்ளே வைத்து மூடினார். திருகாணியை முடுக்கிவிட்டு, சும்மா பிளக்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நின்றார். மறுபடி இழுத்தார்.

"மாமா, இப்ப கனமா வருது."

வாசல்வரை இழுத்தார். என்னைப் பார்த்து, "மிதிடா" என்றார்.

மிதித்தேன்.

வால் துள்ளி எழுந்தது. தரகரின் காலடியில் நெளிந்து, இரவல் நாற்காலியின் காலைச் சுற்றி, மாப்பிள்ளையின் அம்மா கீழே வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே பாய்ந்தது. கடைசி ஒரு முழம் மட்டும் வெளியே நின்றது. அதை அப்பா குழந்தையின் காலைப் போர்வைக்குள் தள்ளுவதுபோல மெல்ல உள்ளே தள்ளினார். சித்தப்பா விசிலடித்தார். எதிர்வீட்டுப் படகுக்காரர் எப்போது வாசலில் வந்து நின்றார் என்று தெரியவில்லை, அவரும் அடித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மிஷினைப் பார்க்கவே இல்லை.

"இங்க வாம்மா" என்றார்.

அத்தை தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் கட்டு இல்லாதது அவளுக்குத் தெரிந்தது. மெல்ல எழுந்து போனாள். அந்த அம்மாள் அவளுடைய இடது கையைப் பிடித்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். என்னைத் தவிர இன்னொருவர் அப்படி எண்ணி அன்றுதான் பார்த்தேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." நிமிர்ந்தார். "அஞ்சும் கீது! சூடும் இல்ல, கீச்சலும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்கும்மா கட்டு?"

அம்மா அழுதுவிட்டாள். "அவ பீச்சாங்கைக்காரிங்க. அத்த மறைக்கத்தான்..."

"தோடா! இதுக்கா?" என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துச் சாய்ந்தார். "வெரலு இல்லாத பொண்ண நம்ம தலைல கட்றாங்கன்னு, படி தாண்டுனதும் வாணாம்னு சொல்லிடலாம்னு குந்திகினு கீறேன் நானு! பீச்சாங்கையாம் பீச்சாங்கை. வஞ்சிரத்த எந்தக் கையால வெட்டுனா இன்னா? துண்டு நேரா விழுதா, அத்தப் பாரு."

மாப்பிள்ளை இன்னும் மிஷின் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவருக்கு வேறு கவலை.

"ஆமா, நீங்க எந்தப் பக்கமா சுத்துனீங்க?" என்று அத்தையிடம் கேட்டார்.

"நான் எப்பவும் சுத்துற பக்கந்தான்" என்றாள் அத்தை.

அவர் அவள் கையைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மாமா, நாம இத்தினி நேரம் இத்த கயிறுன்னு நெனச்சி சுத்திகினு இருந்துகிறோம்!"

விஷயம் இவ்வளவுதான். அந்த டிரம்முக்கு வயர் இடமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்க ஸ்பிரிங் இறுகும், மிதித்ததும் திரும்ப இழுத்துக்கொள்ளும். வலமாகச் சுற்றினால் இழுக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கொக்கியிலிருந்து கழன்றுவிடும். எங்கள் ஆட்களின் கைகளுக்கு இடம் என்று ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. நானும் எத்தனை சுற்று என்று எண்ணினேனே தவிர, எந்தப் பக்கம் என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"இன்னொரு தபா மிதிக்கட்டுமா?" என்று அத்தை கேட்டாள். கேட்டது மாப்பிள்ளையிடம். அவர் வயரை இழுத்துக் கொடுத்தார். அன்று காப்பி ஆறிப்போகும்வரை அவர் இழுத்துக்கொண்டும் அவள் மிதித்துக்கொண்டும் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா செம்பைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

மிஷின் சீரோடு எண்ணூருக்குப் போய்விட்டது. பல வருஷம் ஓடி, மோட்டார் எரிந்து, பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்ததாம். டிரம்மை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, அத்தையின் பிள்ளைகள் காற்றாடி நூல் சுற்றினார்கள். இன்றைக்கும் அத்தை கைப்பேசி சார்ஜர் வயரை இடமாகச் சுற்றித்தான் தலையணை அடியில் வைக்கிறாள். அன்றைய மாப்பிள்ளை, எங்கள் மாமா, அதை எடுத்து மறுபடி சுற்றுவதில்லை.

கல்யாணம் முடிந்து அத்தை புறப்பட்டுப் போன மறுநாள் மழை விட்டிருந்தது. அம்மா துணி உலர்த்தக் கொல்லைக்குப் போனாள், அப்பாவும் பின்னால் போனார். ஆணியில் கொடிக்கயிறு மாட்டியிருந்தது, அத்தை கடைசியாகச் சுற்றியது, இடமாக. அம்மா அதை உதறிக் கட்டிவிட்டு, பிறகு வலமாகச் சுற்றி மாட்டிவிடலாம் என்று கையை நீட்டினாள். அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"வுடு, அது அப்டியே இருக்கட்டும்" என்றார் அப்பா. "வேற கொடி கட்டிக்கலாம். கொடிக்கயிறு யாரு கால வாரப்போவுது."